புத்தர் திருமேனிகள் ஏலப்பொருள் அல்ல!

கண்டன அறிக்கை
சிரம்பான், நெகிரி செம்பிலான்

நாகப்பட்டினத்து மண்ணிலிருந்து வெளிவந்த புத்தர் செப்புத் திருமேனிகள் நாடு நாடாகச் சிதறி, அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிகளில் முகவரியற்று நிற்பதையும், ஏலக் கூடங்களில் விலை பேசப்படுவதையும் நெகிரி செம்பிலான் தோட்டப்புறத் தமிழர்களின் சங்கமாகிய நாங்கள் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

நாகப்பட்டினத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வோம். முதலாம் இராசராசன் காலத்தில் அங்கே சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியைக் கட்டத் தொடங்கியவர் கடாரத்து அரசர். கடாரம் என்பது இன்றைய கெடா. அந்த விகாரத்துக்குச் சோழ மன்னன் ஆனைமங்கலம் என்ற ஊரையே மானியமாகக் கொடுத்தான். அதைச் சொல்லும் செப்பேடுகளும் டச்சுக்காரர் கைவழியே லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்தன.

நாகப்பட்டினத்தில் எஞ்சி நின்ற பழைய செங்கல் கோபுரத்தை 1867இல் இயேசு சபைப் பாதிரிமார், ஆங்கில அரசின் அனுமதியோடு இடித்தனர். அப்போது கிடைத்த ஒரு திருமேனி சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபுவுக்கு அன்பளிப்பானது. 1856 முதல் 1930கள் வரை அவ்வூரில் கிடைத்தவை சுமார் 350. பல சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன. மற்றவை கடல் கடந்து போயின.

இவை அலங்காரத்துக்கு வார்த்தவை அல்ல. ஒரு புத்தர் திருமேனியின் பீடத்தில், திருவிழாவில் எழுந்தருள்வதற்காகச் செய்தது என்று தமிழிலேயே வெட்டியிருக்கிறது. அதில் புத்தருக்கு ஆழ்வார் என்று பெயர். வீதியுலா வந்த சாமிக்கு இன்று வெறும் எண் ஒட்டிய அட்டைதான் மிச்சம்.

இந்த வலி தோட்டத்து மக்களுக்குத் தெரியும். தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது, சாமியைக் கும்பத்தில் இறக்கி, பாலாலயம் செய்து, உறுமி முழங்கத்தான் சிலையைப் பெயர்த்தோம். கேட்காமல் தூக்கிப்போவதற்குப் பெயர் பாதுகாப்பு அல்ல.

நம் நாடும் இதில் தப்பவில்லை. 2013இல் கெடா, சுங்கை பத்துவில் பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டி (பழங்காலக் கோயில்), நில மேம்பாட்டுக்காக இயந்திரத்தால் இடிக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் கையில் இருந்தும் அந்தச் சண்டியைக் காக்க முடியவில்லை.

எங்கள் கோரிக்கைகள்:

1. நாகப்பட்டினத் திருமேனிகளை வைத்திருக்கும் ஒவ்வோர் அருங்காட்சியகமும், அவை யாரிடமிருந்து, எந்த ஆண்டு வந்தன என்பதை வெளியிட வேண்டும். முறையான வழியில் வந்ததாகக் காட்ட முடியாதவற்றைத் திருப்பித் தர வேண்டும்.

2. வழிபாட்டுத் திருமேனிகளின் ஏலம் உடனே நிற்க வேண்டும்.

3. பீடத்துத் தமிழ் எழுத்தும் கடாரத் தொடர்பும் காட்சிப் பலகையில் இடம்பெற வேண்டும்.

4. பூஜாங் பள்ளத்தாக்கில் பதிவில் விடுபட்ட சண்டிகளை அரசு உடனே அரசிதழில் பதிவு செய்ய வேண்டும்.

பௌத்த சங்கங்களும் ஆலய நிர்வாகங்களும் இக்கோரிக்கைகளுக்குத் தோள் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இவண்,
சங்கச் செயற்குழு

நகல்: தேசிய மரபுடைமைத் துறை, கோலாலம்பூர் இந்தியத் தூதரகம், தமிழ் நாளிதழ்கள்