வாசலில் பார்சல், ஊரில் நாம் இல்லை



சென்ற ஆண்டு என் மனைவிக்குத் திருப்பதியில் முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டுக்கு வந்ததும் பிடித்து நடக்க ஒரு வாக்கர் வேண்டும். புனேயில் வேலை பார்க்கும் என் மகன் அதைச் சித்தூர் விலாசத்துக்கு வரவழைத்தான். "பொருளைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள் அப்பா" என்று கேஷ் ஆன் டெலிவரியில் போட்டிருந்தான். டாக்டரோ இன்னும் இரண்டு நாள் இருங்கள் என்றுவிட்டார். நாங்கள் திருப்பதியில், பார்சல் 70 கிலோமீட்டர் தள்ளி எங்கள் வாசலில்.

கொண்டுவந்த பையன் போன் செய்தான். "தாத்தகாரு, டப்புலு எவரு இஸ்தாரு?" எதிர்வீட்டு அம்மாள் பார்சலை வாங்கி வைக்கத் தயார். ஆனால் 1,850 ரூபாயை அவரிடம் எப்படிக் கேட்பது? பையன் ஒரு க்யூஆர் படத்தை என் போனுக்கு அனுப்பி, இதில் போடுங்கள் என்றான். பேசுவது அந்தப் பையன்தானா, வேறு யாராவதா? பேப்பரில் தினமும் படிக்கும் மோசடிகள் நினைவுக்கு வந்தன. தயங்கினேன். பார்சல் திரும்பிப் போய்விட்டது. என் மனைவி ஒரு வாரம் சுவரையும் என் தோளையும் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள்.

அடுத்த மாதமே அதே எதிர்வீட்டு அம்மாளிடம் ஒருவன் வந்து, "உங்கள் பையன் அனுப்பியது, 899 ரூபாய்" என்று ஒரு பொட்டலத்தை நீட்டினான். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். அந்த அம்மாள் நம்பிக் கொடுத்துவிட்டார். பிரித்தால் உள்ளே பழந்துணி. பிள்ளைகள் எதுவுமே அனுப்பவில்லை.

கொடுக்க வேண்டிய இடத்தில் பணம் போய்ச் சேரவில்லை. கொடுக்கக் கூடாத இடத்தில் போய்ச் சேர்ந்தது. ஆள் இல்லாதபோது பணம் தானாகவே போய்ச் சேரும்படி செய்துவிடலாம் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். செய்யட்டும். ஆனால் இந்த இரண்டு கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

இது புதிய பிரச்சினை அல்ல. 1877-லேயே நம் நாட்டு அஞ்சல் துறை வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது. ஆந்திராவில் குடியிருந்த நம்மில் எத்தனை பேர் சென்னையிலிருந்து தமிழ்ப் புத்தகமும் பஞ்சாங்கமும் வி.பி.பி.யில் வரவழைத்திருப்போம்! வீட்டில் ஆள் இல்லையென்றால் தபால்காரர் சீட்டு வைத்துவிட்டுப் போவார். பொருள் சில நாள் தபாலாபீசில் காத்திருக்கும். போய்ப் பணம் கட்டி வாங்குவோம். அனுப்புகிறவரும், உண்மையான ஆர்டரின் பேரில்தான் இதை அனுப்புகிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

ரயில்வேயிலும் இப்படித்தான். சரக்கை அனுப்பிய வியாபாரி ஆர்.ஆர். எனும் ரயில்வே ரசீதை பாங்கி மூலம் அனுப்புவார். வாங்குகிறவர் பாங்கியில் பணம் கட்டி ரசீதை மீட்டு, அதைக் காட்டிக் கூட்ஸ் ஷெட்டில் சரக்கை எடுப்பார். சரக்கையும் பணத்தையும் நடுவில் ஒருவர் பிடித்து வைத்திருந்தார். 2010-ல் ஃபிளிப்கார்ட் கேஷ் ஆன் டெலிவரியைத் தொடங்கிய பின் இந்த வழக்கம் வீட்டுக்கு வீடு பரவியது. வசதிதான். ஆனால் வாசலில் அந்த நடுவர் இல்லை. கொண்டுவரும் பையன் மட்டுமே நிற்கிறான்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் காட்பாடி - பாகாலா பாதை ஒற்றை மீட்டர் கேஜ். ஒற்றைப் பாதையில் வண்டி போக டோக்கன் வேண்டும். இரண்டு ஸ்டேஷன் கருவிகளும் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கும். எதிர் ஸ்டேஷன் மாஸ்டர் சம்மதித்து அழுத்தினால்தான் இந்தப் பக்கம் டோக்கன் வெளியே வரும். ஒன்று வெளியே இருக்கும்வரை இன்னொன்று வராது. இயந்திரம் காவல் காக்கும், சம்மதம் மனிதனுடையது.

பார்சலுக்கும் இதே ஏற்பாடு போதும். பங்கு வாங்க விண்ணப்பிப்பவர்களுக்கு 2008 முதல் ஒரு முறை இருக்கிறது. பணம் நம் கணக்கிலேயே முடக்கி வைக்கப்படும். பங்கு கிடைத்தால்தான் போகும். 2018-ல் யு.பி.ஐ.யிலும் ஒருமுறை அனுமதி கொடுத்துப் பணத்தை முடக்கி வைக்கும் வசதி வந்தது. ஆர்டர் கொடுக்கும்போதே தொகை முடங்கட்டும். பக்கத்து வீட்டார் பிரித்துப் பார்த்து நமக்குப் போனில் சொல்லட்டும். நாம் நம் போனில் "சரி" என்று அழுத்தினால் பணம் போகட்டும். இல்லையென்றால் பொருள் திரும்பட்டும், முடக்கம் நீங்கட்டும். முடக்கம் இல்லாத பார்சலுக்கு வாசலில் யாரும் பணம் கேட்கவும் வழி இருக்காது.

பொருளை வீட்டில் போட்டவுடன் பணம் தானாகப் போய்விடும் என்ற ஏற்பாட்டை மட்டும் நான் ஒப்பமாட்டேன். அது எதிர் ஸ்டேஷனைக் கேட்காமல் வண்டி விடுவது போல.

ரொக்கத்தை அடியோடு நிறுத்திவிடலாம் என்பாரும் உண்டு. அதுவும் சரியல்ல. போன் பழக்கமில்லாத பெரியவர்களுக்கு ரொக்கம் இருக்கட்டும். ஆனால் அங்கே பழைய வி.பி.பி. போல அனுப்புகிறவர் பொறுப்பேற்க வேண்டும். கொண்டுவரும் பையனையும் மறக்கக் கூடாது. எங்கள் தெருவுக்கு வரும் பையன், கொடுத்த பார்சலுக்குத்தான் கூலி என்றான். வாக்கர் திரும்பிய அன்று அவனுக்கும் நஷ்டம்தான்.

இந்த ஏற்பாடு வரும்வரை வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பெற்றோருக்கு எதை அனுப்பினாலும் பொருள், தொகை, வரும் நாள் மூன்றையும் போனில் சொல்லுங்கள். பெற்றோர்களே, பிள்ளை சொல்லாத பார்சலுக்குப் பணம் கொடுக்காதீர்கள். பணம் வாங்குவதற்கு உங்கள் ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை; கேட்பவன் திருடன்.

என் மனைவிக்கு இரண்டாவது வாக்கரை எதிர்வீட்டு அம்மாளின் பேரனே சித்தூர்க் கடைத்தெருவில் வாங்கி வந்தான். பணத்தை மறுநாள் கொடுத்தேன். அவனுக்கு என்னைத் தெரியும், எனக்கு அவனைத் தெரியும். இயந்திரம் செய்பவர்கள் அந்த நம்பிக்கையை எப்படிக் கொண்டுவருவது என்று யோசிக்க வேண்டும்.