பாட்டிக்கும் ஊசி உண்டு!

திருச்சி மன்னார்புரத்திலிருந்து புத்தூர் அரசு மருத்துவமனை அதிக தூரம் இல்லை. சில கிலோமீட்டர்தான். ஆனால், 80 வயதுப் பாட்டிக்கு அது காசி யாத்திரை! கூட்டிப் போக ஆள் வேண்டும். ஆட்டோவுக்குப் பணம் வேண்டும். முதியோர் இல்லத்தில் இருக்கும் பாட்டியாக இருந்தால், "எப்போது போக வேண்டும்?" என்று தேதியை நினைவில் வைத்திருக்கவும் ஒருவர் வேண்டும்.

"வயதானவர்களுக்கு ஊசி பலிக்காது" என்று சிலர் சொல்கிறார்கள். இது தவறு. பலிக்கும். ஆனால் சீக்கிரம் கரைந்துவிடும்.

தடுப்பூசி என்பது உடம்புக்குச் சொல்லித் தரும் பாடம். "இதோ பார், இவன்தான் எதிரி" என்று நோய்க் கிருமியின் அடையாளத்தை அது காட்டுகிறது. இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் அந்தப் பாடத்தைப் படித்துக்கொள்கின்றன. உண்மையான கிருமி வரும்போது அடித்து விரட்டுகின்றன.

நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சிறிய சுரப்பி இருக்கிறது. வெள்ளை அணுக்களில் ஒரு வகைக்கு அதுதான் பள்ளிக்கூடம். வயது ஏற ஏற அது சுருங்கிவிடுகிறது. எண்பது வயதில் அந்தப் பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பதே அபூர்வம்! ஆகவே புதுப் பாடம் லேசில் ஏறாது. ஏறினாலும் நெடுநாள் நிற்காது. மறுபடியும் சொல்லித்தர வேண்டும். மூன்றாவது ஊசி எதற்காக என்பது இப்போது புரிகிறது அல்லவா?

கொரோனா காலத்தில் இது கண்கூடாகத் தெரிந்தது. இங்கிலாந்தில் 8-12-2020 அன்று முதல் ஊசி போட்டுக்கொண்டவர் மார்கரெட் கீனன். அவருக்கு வயது 90. அந்த நாட்டு முதியோர் இல்லங்களில் "விவால்டி" என்ற பெயரில் ஓர் ஆய்வு நடந்தது. இரண்டு ஊசி தந்த பாதுகாப்பு சில மாதங்களில் குறைந்தது. மூன்றாவது ஊசி போட்டதும், ஆஸ்பத்திரிக்குப் போகும் நிலையிலிருந்தும் சாவிலிருந்தும் காக்கும் பலம் திரும்பி வந்தது.

இந்தியாவில் மூன்றாவது ஊசி 10-1-2022 அன்று தொடங்கியது. 60 வயதைக் கடந்தவர்களில், வேறு நோய் உள்ளவர்களுக்கு மட்டும் முதலில் போட்டார்கள். 16-3-2022 முதல் அந்த நிபந்தனை நீங்கியது. இரண்டாவது ஊசி போட்டு ஒன்பது மாதம் ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. சீக்கிரம் மறக்கும் உடம்புக்கு ஒன்பது மாதம் மிக நீண்ட காலம்! 2022 ஜூலையில்தான் அது ஆறு மாதமாகக் குறைந்தது. நாட்டில் மொத்தம் 220 கோடி ஊசிக்கு மேல் போட்டார்கள். அதில் மூன்றாவது ஊசி பத்தில் ஒரு பங்குதான்.

கொரோனாவின் வேகம் தணிந்துவிட்டது. ஆனால் இன்புளூயன்சா காய்ச்சல் தணியவில்லை. அந்தக் கிருமி அடிக்கடி வேஷம் மாற்றும். ஆகவே அதற்கு ஆண்டுதோறும் ஊசி தேவை. நிமோனியாவைத் தடுக்கவும் ஊசி இருக்கிறது. அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டமோ பெரும்பாலும் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் மனதில் வைத்து நடப்பது. குழந்தைக்கு அட்டை இருக்கிறது. அதில் தேதி இருக்கிறது. தாத்தாவுக்கு என்ன இருக்கிறது?

ஒவ்வொரு முதியோர் இல்லத்திலும் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்க வேண்டும். யாருக்கு, என்ன ஊசி, எந்தத் தேதியில் என்று எழுத வேண்டும். சமையல்காரர், ஆயா, காவலாளி பெயர்களும் அதில் இருக்க வேண்டும். படுக்கையில் கிடப்பவர் நோயைத் தேடிப் போவதில்லை. வெளியே போய் வருகிறவர்தான் கொண்டு வருகிறார். ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வரும் மகனும் இதில் சேர்த்தி!

ஊசி முதியவரைத் தேடி வருவது நடக்காத காரியமும் அல்ல. முதியோர் இல்லங்களிலேயே ஊசி போடலாம் என்று மத்திய அரசு 2021 மே மாதத்திலேயே வழிகாட்டியது. தமிழ்நாட்டில் 5-8-2021 அன்று "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கியது. இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரை நோய்க்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. மாத்திரை கொண்டுவரும் பெண், "பாட்டி, கடைசியாக எப்போது ஊசி போட்டீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டு எழுதிக்கொண்டால் போதும். திருச்சி மாநகராட்சி இதை மன்னார்புரத்தில் ஆரம்பிக்கலாம். மழைக்காலம் வருவதற்கு முன்பே ஆரம்பிப்பது நல்லது.