ஜைரோ சொன்னதும் ரேடார் பார்த்ததும்

விண்கலம் எந்தப் பக்கம் திரும்பி நிக்குதுன்னு தரையில் இருக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்? அதுவே சொல்லணும். உள்ளே இருக்கும் ஜைரோ, நட்சத்திரக் கேமரா எல்லாம் அளந்து ரேடியோவில் அனுப்பும், இவங்க நம்புவாங்க. இது மட்டும் போதாதுங்கிறது என் கட்சி.

1998 ஜூன் கதையைப் பாருங்க. சூரியனைக் கவனிக்கிற சோஹோ, 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி. ரெண்டு ஜைரோ, ரெண்டு கணக்கு. தரையில் இருந்தவங்க சரியாச் சொன்னதை ரிப்பேர்னு அணைச்சிட்டு, சுழலாமல் சும்மா கிடந்ததை நம்பினாங்க (நம்ம ஆபீஸ் மாதிரியே!). கலம் தறிகெட்டுச் சுத்தி, சோலார் பேனலில் வெயில் விழாமல், பேச்சு மூச்சில்லை.

ஜூலை 23. போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோவில் இருந்த 305 மீட்டர் தட்டு ரேடார் அலையை அனுப்ப, கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் 70 மீட்டர் ஆன்டெனா எதிரொலியைப் பிடிச்சது. சுத்துற பொருளில் ஒரு ஓரம் நம்மை நோக்கி வரும், மறு ஓரம் விலகும். அதனால எதிரொலியின் அலைவரிசை கொஞ்சம் அகலமாகும். அந்த அகலத்தை வச்சே நிமிஷத்துக்குச் சுமார் ஒரு சுத்துன்னு சொல்லிட்டாங்க. கலம் ஒரு வார்த்தை பேசலை! ஆகஸ்ட்டில் சிக்னல் வந்தது, செப்டம்பரில் மறுபடி சூரியனைப் பார்த்துத் திரும்பியாச்சு.

அந்த அரெசிபோ 2020 டிசம்பரில் இடிஞ்சு விழுந்துச்சு. திரும்பக் கட்டப் போறதில்லைன்னு 2022ல் சொல்லிட்டாங்க. ஈடா ஒண்ணும் வரலை. புதுசு புதுசா கலம் விடக் காசு இருக்கு. அது வாயடைச்சுப் போனா கீழேயிருந்து பார்க்கிறதுக்குக் காசு இல்லையாம். என்ன கணக்கோ இது!