குளிரில் வெடிக்கும் குழாய்... படகைக் காக்கும் ரோஸ் நிறத் திரவம்!

கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, 'சீக்கிரம் ஜில்லென்று ஆகட்டும்' என்று ஃப்ரீஸரில் வைத்துவிட்டு மறந்துபோகாத வீடு அரிது. மறுநாள் திறந்தால் பாட்டில் விரிசல் விட்டிருக்கும். உள்ளே பனிக்கட்டி மட்டும் பாட்டில் வடிவத்தில் பத்திரமாக நிற்கும். அது பாட்டிலாக இல்லாமல் ஒரு படகின் குடிநீர்க் குழாயாக இருந்தால்? மறந்து வைத்ததும் ஓர் இரவல்ல, ஐந்து மாதம் என்றால்?

வட அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகளின் கரையில் ஒவ்வோர் அக்டோபரிலும் இந்தக் கவலை தொற்றிக்கொள்ளும். ஏரி என்றதும் வீராணத்தை நினைத்துக்கொள்ளக் கூடாது. ஐந்தில் பெரியதான சுப்பீரியர் ஏரி மட்டும் சுமார் 82,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேல்! அலையும் புயலும் உள்ள நன்னீர்க் கடல் என்றே சொல்லலாம். அதில் ஓடும் உல்லாசப் படகுகள் பலவும் ஒரு குடும்பம் இரண்டு மூன்று நாள் தங்கிச் சமைத்துச் சாப்பிட்டுக் குளிக்கும் அளவுக்கு வசதியானவை. தண்ணீர்த் தொட்டி, 12 வோல்ட் பம்ப், வெந்நீர் ஹீட்டர், சமையல் சிங்க், வாஷ்பேசின், ஷவர் என ஒரு சின்ன வீட்டின் பிளம்பிங் முழுவதும் தரைப்பலகைக்கு அடியில் ஒளிந்திருக்கும்.

குளிர் நெருங்கியதும் படகை அகலமான பெல்ட்டுகளில் தூக்கிக் கரையேற்றுவார்கள். இரும்புத் தாங்கிகள் மேல் நிறுத்தி, வெள்ளை பிளாஸ்டிக்கைச் சூடு காட்டி இறுக்கமாகப் போர்த்திவிடுவார்கள். அடுத்த ஏப்ரல், மே வரை படகுக்கு அங்கேதான் தூக்கம்.

கரையேற்றிவிட்டால் படகு பத்திரம் என்று தோன்றும். குழாய்களைப் பொறுத்தவரை விஷயம் நேர் எதிர். ஏரியில் மிதக்கும் வரை, படகின் அடிப்பாகத்தைச் சுற்றியிருக்கும் தண்ணீர் 0 டிகிரிக்குக் கீழே போகாது. அடிவயிற்றுக்கு அது ஒரு கம்பளி மாதிரி. தரையில் நிற்கும் படகுக்குக் கீழேயும் காற்றுதான். மைனஸ் 20 டிகிரிக் காற்று சுற்றிச் சுற்றி வீசினால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு சொட்டும் உறையும். (எஞ்சினுக்குத் தனி வைத்தியம் உண்டு. அது வேறு கதை.)

பெரும்பாலான திரவங்கள் குளிரக் குளிரச் சுருங்கும். தண்ணீரும் 4 டிகிரி வரை அப்படித்தான் இருக்கும். அதற்குக் கீழே போனால் மனம் மாறி விரியத் தொடங்கும். உறைந்து கட்டியாகும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெரிதாகிவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் இருந்த இடம், அதே தண்ணீர் பனிக்கட்டியானால் போதாது.

பனிக்கட்டி குழாயின் சுவரை முட்டி உடைக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது அதுவல்ல. குழாயின் நடுவே எங்கோ ஓரிடத்தில் முதலில் உறைந்து அடைப்பு உண்டாகும். அந்த அடைப்பு வளர வளர, அதற்கும் மூடிய குழாய்க்கும் இடையே சிக்கிய தண்ணீரை நெருக்கும். தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது. அழுத்தம் ஏறிக்கொண்டே போய், எங்கே பலவீனமோ அங்கே பிளந்துகொள்ளும். இப்போது படகுகளில் போடும் பிளாஸ்டிக் குழாய் கொஞ்சம் வளைந்து கொடுத்துத் தப்பிவிடும். தப்பாதவை பம்பின் தலை, ஃபில்டர் கிண்ணம், இணைப்புத் துண்டுகள், திருகுக் குழாயின் உட்பாகம்.

உடைந்த சத்தம் யாருக்கும் கேட்காது. ஜனவரியில் விரிசல் விட்ட இணைப்பு, பனிக்கட்டியே அடைப்பாக இருப்பதால் ஒரு சொட்டும் ஒழுகாமல் இருக்கும். விஷயம் தெரியவருவது மே மாதத்தில். அங்குள்ள படகுத்துறைகள் பலவற்றில் கரையிலேயே தண்ணீர்க் குழாய் உண்டு. ஹோஸ் மாட்டிப் படகோடு இணைத்தால், தொட்டியும் பம்பும் இல்லாமலே உள்ளே தண்ணீர் வரும். தொட்டியில் இருப்பது இருநூறு லிட்டர் என்றால், ஒழுகினாலும் அதோடு நின்றுவிடும். கரைத் தண்ணீருக்கு அளவே கிடையாது. ஹோஸை மூடாமல் குடும்பம் வீட்டுக்குக் கிளம்பிவிட்டால், விரிசல் வழியே இரவு பகலாகக் கொட்டும். அடித்தட்டில் தேங்குவதை வெளியேற்றும் பம்ப், பேட்டரி உள்ளவரை போராடும். கட்டிப்போட்ட இடத்திலேயே மூழ்கிய படகுகள் உண்டு. அதுவும் ஏரித் தண்ணீரால் அல்ல, குடிநீரால்!

அதனால்தான் அக்டோபரில் ஒரு சனிக்கிழமையை இதற்கென்றே ஒதுக்குகிறார்கள். வேலை தொடங்குவது ஹீட்டரின் மின்சாரத்தை அணைப்பதில். தண்ணீர் இல்லாத ஹீட்டரில் கரன்ட் பாய்ந்தால் காயில் கருகிவிடும். வெந்நீர் போடும் ராடை வாளியில் வைக்காமலே ஸ்விட்ச் போட்ட அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிறகு எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டுப் பம்பை ஓடவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் பம்ப் காற்றை இழுத்துக் கடகடக்கும். தொட்டி காலி. ஹீட்டரில் இருப்பது இப்படி வராது. அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்தாலும் மெல்லத்தான் சொட்டும். மேலே உள்ள பாதுகாப்பு வால்வைத் தூக்கிவிட்டால் குபுகுபுவென்று கொட்டும். எண்ணெய் டின்னில் எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போடுவதன் அதே சூட்சுமம்தான்.

இப்போது காலி என்றால் முழுக்கக் காலியா? இல்லை. குழாய் தாழ்ந்து வளையும் இடங்களில் கொஞ்சம், பம்பின் வயிற்றில் கொஞ்சம், ஷவர் ஹோஸில் கொஞ்சம் நின்றுவிடும். ஆபத்தெல்லாம் இந்த மிச்சத்தில்தான். அதைத் துரத்தத்தான் ரோஸ் நிற ஆன்டிஃப்ரீஸ், அதாவது எளிதில் உறையாத திரவம்.

பம்பின் இழுப்புக் குழாயைத் தொட்டியிலிருந்து கழற்றி நேராக ஆன்டிஃப்ரீஸ் கேனுக்குள் விடுவதுதான் சிக்கனமான வழி. தொட்டியில் ஊற்றினால், அடியில் நிற்கும் லிட்டர் கணக்கான தண்ணீரோடு கலந்து திரவம் நீர்த்துப்போகும். அந்த அடித் தண்ணீரால் தொட்டிக்கு ஆபத்தில்லை. விரிய மேலே இடம் இருக்கிறது. குழாய்க்குள் போவதுதான் கலப்பில்லாமல் போக வேண்டும். ஹீட்டருக்குப் போகும் குழாயையும் அதிலிருந்து வரும் குழாயையும் நேரடியாக இணைத்து, ஹீட்டரை ஒதுக்கிவிடவும் வேண்டும். சிறிய ஹீட்டரே சுமார் 23 லிட்டர் பிடிக்கும். வடித்துவிட்ட ஹீட்டருக்கு வேறெதுவும் தேவையில்லை என்றிருக்க, அத்தனை லிட்டர் திரவத்தை அதற்குள் நிரப்புவது காசைக் கரியாக்கும் வேலை.

அப்புறம் ஒவ்வொரு குழாயாகத் திறந்து பார்க்க வேண்டும். முதலில் தெளிந்த தண்ணீர், பிறகு வெளுத்த ரோஸ், பிறகு அடர்ந்த ரோஸ். வெளுத்த நிறம் வந்ததுமே மூடுகிறவர்கள்தான் மே மாதத்தில் பிளம்பரைத் தேடுகிறார்கள். குளிர்நீர்ப் பக்கம் தனியாக, வெந்நீர்ப் பக்கம் தனியாகப் பார்க்க வேண்டும். ஐஸ் கட்டி மெஷின் இருந்தால் அதையும் விடக் கூடாது. படகின் பின்பக்கம், நீந்திவிட்டு ஏறுகிறவர்கள் உடம்பை அலசிக்கொள்ள ஒரு சின்னக் கை ஷவர் மூடிக்குள் மடங்கிக் கிடக்கும். மறந்துபோவது பெரும்பாலும் இதைத்தான். எல்லாம் முடிந்தபின் பம்பை அணைத்துக் குழாய்களைத் திறந்தே வைத்துவிட்டால், எங்காவது கொஞ்சம் உறைந்தாலும் அழுத்தம் வெளியேற வழி இருக்கும்.

கேன் மேல் கொட்டை எழுத்தில் 'மைனஸ் 50' என்று போட்டிருக்கும். அது ஃபாரன்ஹீட், நம் கணக்கில் ஏறத்தாழ மைனஸ் 46 டிகிரி. அந்தக் குளிர் வரை திரவம் திரவமாகவே இருக்கும் என்று அதற்கு அர்த்தமில்லை. அதற்கு வெகு முன்பே கூழாகிவிடும். ஆனால் குழாயை உடைக்கும் அளவுக்கு இறுகாது என்பதுதான் அந்த எண் தரும் உறுதி. அதுவும் தண்ணீர் கலக்காத திரவத்துக்கு மட்டும்.

எண்ணைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது, கேனுக்குள் இருப்பதன் பெயர். குடிநீர்க் குழாய்க்கு ஊற்ற வேண்டியது புரோப்பிலீன் கிளைக்கால். ஐஸ்கிரீம் போன்ற உணவுப் பொருள்களில் மிகக் குறைந்த அளவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட பொருள்தான் இது. கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலன்ட் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால். பெயரில் ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். முதலாவது மிச்சம் மீதி வயிற்றில் போனாலும் பெரிய கெடுதல் செய்யாது. இரண்டாவது கொடிய விஷம். சுமார் 100 மில்லி வயது வந்த ஒருவரின் உயிரையே எடுத்துவிடும். உடம்புக்குள் அது ஆக்ஸாலிக் அமிலமாக மாறி, சிறுநீரகத்தில் படிகங்களாகப் படிந்து அடைத்துவிடும். குடித்தால் கசப்பாவது இருக்குமா என்றால் அதுவும் இல்லை, இனிக்கும்! தரையில் சிந்தியதை நக்கிய நாய்கள் செத்துப்போவது அந்த நாடுகளில் கால்நடை மருத்துவர்களுக்குப் பழகிப்போன சோகம்.

நிறத்தை வைத்து முடிவு செய்யலாமா என்றால், கூடாது. கார் கூலன்ட் பச்சையில்தான் வரும் என்பது பழைய காலம். இப்போது ரோஸிலும் சிவப்பிலும் கிடைக்கிறது. லேபிளைப் படிப்பது ஒன்றே வழி.

இந்தக் கிளைக்கால் குடும்பத்தின் பெயர் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருமல் மருந்து குடித்து இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது காஞ்சிபுரம் மாவட்டத்தில். சிரப்புகளில் மருந்தைக் கரைக்க, மருந்துத் தரமுள்ள புரோப்பிலீன் கிளைக்காலைப் பயன்படுத்துவது வழக்கம். இந்த மருந்தில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்ததைத் தமிழக அரசின் ஆய்வகப் பரிசோதனை காட்டியது. எத்திலீன் கிளைக்காலைப் போலவே அதுவும் சிறுநீரகத்தைச் சிதைக்கும் விஷம். 1937-ல் அமெரிக்காவில் இதே டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்ற ஒரு மருந்து நூறு பேருக்கு மேல் பலிவாங்கியது. மறு ஆண்டே அங்கே கடுமையான மருந்துச் சட்டம் வந்தது. பார்வைக்கும் நாக்குக்கும் ஒன்றுபோலவே இருக்கும் திரவங்களை லேபிளும் பரிசோதனையும் இல்லாமல் பிரித்தறிய முடியாது.

படகுக்காரர்களில் ஆன்டிஃப்ரீஸே வேண்டாம் என்பவர்களும் உண்டு. கம்ப்ரஸரைக் குறைந்த அழுத்தத்தில் வைத்துக் காற்றை ஊதியே குழாயைக் காய வைத்துவிடுவார்கள். நிதானமாகச் செய்தால் நல்ல முறைதான், அவசரக்காரர்களுக்கு லாயக்கில்லை. மலிவான வோட்காவை ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். எளிதில் உறையாது என்பது உண்மைதான். ஆனால் தீப்பற்றக்கூடிய திரவத்தைப் படகு முழுக்கக் குழாயில் நிரப்பி வைப்பது என்ன புத்திசாலித்தனமோ!

டொரன்டோ பக்கம் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குப் படகு இல்லாவிட்டாலும் இந்த வேலையின் சின்னத் தம்பி பழக்கம்தான். தோட்டத்துக் குழாய்க்குப் போகும் வால்வை அக்டோபரில் வீட்டுக்குள்ளேயே மூடிவிட்டு, வெளிக்குழாயைத் திறந்து வைப்பார்கள். காரணம் அதேதான்.

மே மாதம் படகு மறுபடி ஏரியில் இறங்கியதும், தொட்டியை நிரப்பி எல்லாக் குழாய்களிலும் ஓடவிட்டு ரோஸ் நிறத்தையும் நுரையையும் கழுவி வெளியேற்றுவார்கள். ஒருமுறையில் போகாது, இரண்டு மூன்று தொட்டித் தண்ணீர் பிடிக்கும். இனிப்பு வாசனை போகாவிட்டால், வாசனை சேர்க்காத பிளீச்சை லிட்டருக்கு ஒரு மில்லி கணக்கில் கலந்து சில மணி நேரம் நிறுத்தி வைத்து, மறுபடி அலசுவார்கள். ஒதுக்கி வைத்த ஹீட்டரை மீண்டும் இணைத்து, தண்ணீர் நிரம்பியதை உறுதி செய்த பிறகே அதன் ஸ்விட்சில் கை வைப்பார்கள்.

கரை ஹோஸை மாட்டுவது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். அதற்கு முன்பு ஒரு சோதனை இருக்கிறது. எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுப் பம்பை ஆன் செய்தால், அழுத்தம் ஏறியதும் அது தானாக நின்றுவிட வேண்டும். நின்றபின் அரை மணி நேரம் படகில் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். யாரும் குழாயைத் திறக்காமலே பம்ப் நடுவில் ஒருமுறை 'டுர்ர்' என்று ஓடி நின்றால், எங்கோ தண்ணீர் கசிகிறது. பிரஷர் பம்ப் வைத்திருக்கும் நம்மூர் அடுக்குமாடி வீடுகளுக்கும் இதே சோதனை பொருந்தும். படகில் அந்தச் சத்தம் கேட்டால், டார்ச்சை எடுத்துக்கொண்டு தரைப்பலகையைத் தூக்க வேண்டியதுதான். கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கும் வரை ஹோஸ் கரையிலேயே சுருண்டு கிடக்கட்டும்.