கார்பன் உமிழிகளை எதைக் கொண்டு அளப்பது?

எக்ஸ்ரே குழாய்க்குள் இருக்கும் டங்ஸ்டன் இழை 2,000 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறினால்தான் அதிலிருந்து போதிய எலெக்ட்ரான்கள் வெளிவரும். சூடேற்றாமலே அவற்றை வெளியே இழுக்கவும் வழி உண்டு. பரப்பின் மீது மிக வலுவான மின்புலம் விழுந்தால், எலெக்ட்ரான்களை உள்ளே நிறுத்தி வைத்திருக்கும் தடை மெலிகிறது. அவை அதை ஊடுருவி வெளியேறுகின்றன. ஃபவுலரும் நார்தைமும் 1928இல் இதைக் குவாண்டம் கோட்பாட்டால் விளக்கினார்கள். அதற்கு மீட்டருக்குச் சில நூறு கோடி வோல்ட் வேண்டும் என்பதே சிக்கல். கூரிய முனையில் மின்புலம் குவியும் என்பதால், சில நானோமீட்டர் தடிமனும் அதைப்போல் பல நூறு மடங்கு நீளமும் கொண்ட கார்பன் நானோகுழாய்க்கு வெளியிலிருந்து தரும் சிறு மின்னழுத்தமே போதும். 1995இல் சுவிட்சர்லாந்தின் லொசான் ஆய்வாளர்கள் நானோகுழாய்ப் படலத்திலிருந்து எலெக்ட்ரான் கற்றையை எடுத்துக் காட்டினார்கள். அத்தகைய கற்றைகளால் ஒளிரும் தட்டைத் தொலைக்காட்சித் திரை கைக்கெட்டியதாகத் தோன்றியது. சாம்சங் மாதிரித் திரைகளையும் உருவாக்கியது. ஆனால் விலை குறைந்துகொண்டே போன எல்சிடி திரைகள் சந்தையைப் பிடித்துக்கொண்டன.

அந்தத் தோல்வியை வைத்துக் கார்பனைக் கைகழுவுவது சரியல்ல. ஆனால் ஆய்வுலகம் அதை அளக்கும் முறை மாறியே ஆக வேண்டும். எவ்வளவு குறைந்த மின்புலத்தில் எலெக்ட்ரான் உமிழ்வு தொடங்குகிறது என்ற எண்ணை முன்னிறுத்தியே கட்டுரைகள் குவிகின்றன. அந்த எண்களிலும் பல நம்பத்தக்கவை அல்ல. சரே பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஃபோர்ப்ஸ் 2013இல் ஓர் எளிய சோதனையை வகுத்து, வெளியான முடிவுகளில் கணிசமானவற்றில், முனையில் மின்புலம் எத்தனை மடங்கு பெருகுகிறது என்ற மதிப்பு மிகையாகச் சொல்லப்பட்டிருப்பதைக் காட்டினார். குறைந்த மின்புலம் என்றால் எளிய மின்வழங்கி போதும், அது பெரிய நன்மைதானே என்பார்கள். நன்மைதான். ஆனால் உமிழியைக் கொல்வது வேறு. வெற்றிடத்தில் மிஞ்சிய வாயு அயனியாகி முனையைத் தாக்குகிறது. நீண்டு நிற்கும் சில குழாய்கள் மட்டும் மின்னோட்டத்தை முழுதும் சுமந்து எரிந்துபோகின்றன. பல நூறு மணி நேரம் ஓடவிட்டால்தான் இது தெரியும். முதல் நாள் அளவீட்டில் தெரியாது.

நூறாண்டுக்கு மேல் உழைத்த மலிவான டங்ஸ்டன் இழை இருக்கையில் இந்தப் பாடு எதற்கு என்ற கேள்வி வலுவானது. சாதாரண மார்பு எக்ஸ்ரேவுக்கு இழையே போதும். ஆனால் சூடேற்றத் தேவையில்லாத இந்தக் குளிர் உமிழியை நொடிக்கும் மிகக் குறைந்த நேரத்தில் இயக்கி நிறுத்தலாம். பல உமிழிகளை வரிசையாக நிறுத்தி, குழாயை நகர்த்தாமலே பல கோணங்களில் படமெடுக்கலாம். வட கரோலினா பல்கலைக்கழகக் குழு மார்பகப் படத்துக்கு இதைச் செய்துகாட்டியது. ஆஸ்திரேலியாவின் மைக்ரோ-எக்ஸ் நிறுவனம் நானோகுழாயால் இயங்கும் நடமாடும் எக்ஸ்ரே கருவியை மருத்துவமனைகளுக்கு விற்கிறது. இதற்கெல்லாம் அடிப்படை ஆயுள்தான். ஆகவே ஆய்விதழ்களும் நிதி தரும் அமைப்புகளும் ஒன்றைக் கட்டாயமாக்க வேண்டும்: எந்த வெற்றிடத்தில், எவ்வளவு மின்னோட்டத்தில், எத்தனை மணி நேரம் உமிழி தாங்கியது என்ற கணக்கு இல்லாத கட்டுரையை ஏற்கக் கூடாது.