படிக்கட்டு இல்லாத பாடம்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் எண் உண்டு. 100 வரிசை எண்கள் அறிமுகப் பாடங்களுக்கு. 300, 400 வரிசை எண்கள் உயர்நிலைப் பாடங்களுக்கு. எண்களைப் பார்த்தால், முதலாண்டில் கீழ்ப்படியில் நின்று ஆண்டுக்கு ஒரு படியாக ஏற வேண்டும் என்றே தோன்றும். கணிதத்தில் அது உண்மை. நுண்கணிதம் தெரியாதவர் வகைக்கெழுச் சமன்பாட்டில் கால்வைக்க முடியாது. வரலாற்றுத் துறையில் அந்த எண்களுக்குப் பொருளே வேறு. பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிய 300 வரிசைப் பாடத்தில் சேர, ஐரோப்பிய வரலாற்றின் அறிமுகப் பாடத்தை முடித்திருக்க வேண்டும் என்று பல துறைகள் கேட்பதில்லை. கேட்கும் இடங்களிலும் ஆசிரியரின் அனுமதி இருந்தால் கதவு திறந்துவிடுகிறது. தாள்களின் வரிசை முன்கூட்டியே கட்டப்பட்ட நம் கல்லூரிகளைப் போலன்றி, அங்கே தேர்வு மாணவர் கையில் இருக்கிறது. முதலாண்டிலோ இரண்டாமாண்டின் தொடக்கத்திலோ உயர்நிலை வரலாற்றுப் பாடம் எடுக்கலாமா என்ற கேள்வி அதனால்தான் எழுகிறது.

எண் கூடும்போது மாறுவது வேலையின் தன்மை. அறிமுகப் பாடம் பதினான்கு, பதினைந்து வாரங்களில் சில நூற்றாண்டுகளைக் கடக்கும். பெரிய அரங்கு, விரிவுரை, ஒரு பாடநூல், இறுதியில் தேர்வு. உயர்நிலைப் பாடம் ஒரு சிறு களத்தை எடுத்துக்கொண்டு அங்கேயே தங்கும். ஒரு மேசையைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் உட்காருவார்கள். வாரத்துக்கு ஓர் ஆய்வு நூலோ அதன் பெரும்பகுதியோ படித்துவிட்டு வர வேண்டும். பருவத்தின் முடிவில் மூல ஆவணங்களை வைத்து நீண்ட கட்டுரை ஒன்று எழுத வேண்டும். முதலாவதில் மாணவர் முடிவுகளைப் பெற்றுக்கொள்கிறார். இரண்டாவதில் அந்த முடிவுகள் எப்படி உருவாகின்றன என்பதைக் காண்கிறார். இரண்டாவது வேலைக்கு முதலாவது எந்த அளவுக்கு அடித்தளம் என்பதில்தான் விவாதம்.

நினைக்கும் அளவுக்கு அது அடித்தளமல்ல என்பதற்கு வலுவான சான்று, கல்வி உளவியலாளர் சாம் வைன்பர்க் 1991-இல் வெளியிட்ட ஆய்வில் கிடைக்கிறது. எட்டு வரலாற்றாளர்களிடமும், நன்றாகப் படிக்கும் எட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடமும் ஒரே ஆவணக் கட்டை அவர் கொடுத்தார். படிக்கும்போது மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். பொருள், 1775 ஏப்ரல் 19 அன்று மாசசூசெட்ஸின் லெக்சிங்டனில் நடந்து, அமெரிக்க விடுதலைப் போரைத் தொடங்கிவைத்த மோதல். பிரிட்டிஷ் படை சுட்டதில் அமெரிக்கக் குடியேற்றவாசிகள் எட்டுப் பேர் இறந்தார்கள். முதல் குண்டைச் சுட்டது யார் என்பது இன்றுவரை தீரவில்லை. வரலாற்றாளர்களில் சிலர் அமெரிக்க வரலாற்றுக்கே தொடர்பில்லாத துறையினர். பாடநூல் தகவல்களைக் கேட்டபோது, அவர்களில் சிலரைவிடச் சில மாணவர்களுக்குக் கூடுதலாகத் தெரிந்திருந்தது. ஆனாலும் ஆவணங்களைப் படிப்பதில் மாணவர்கள் அவர்களுக்கு அருகில் வரவில்லை.

அந்தக் கட்டில் இருந்த ஒரு தாளே வேறுபாட்டைக் காட்டப் போதும். குடியேற்றவாசிகளின் லெக்சிங்டன் படையினர் 34 பேர் ஏப்ரல் 25 அன்று கூட்டாகக் கொடுத்த உறுதிமொழி வாக்குமூலம் அது. தாங்கள் கலைந்து, முதுகு காட்டிப் போய்க்கொண்டிருந்தபோது பிரிட்டிஷ் படை சுட்டது என்கிறார்கள். முதல் வரியிலிருந்து படிப்பவருக்கு இது நடந்ததைச் சொல்லும் சாட்சி. பழகியவரின் கண் முதலில் தாளின் அடிக்குப் போகும்: யார், எப்போது, யாருக்காக? மோதல் நடந்து ஆறு நாள் கழித்து 34 பேர் ஒரே வாசகத்துக்கு எப்படி ஒத்துப்போனார்கள்? இத்தகைய வாக்குமூலங்களைத் திரட்டியது குடியேற்றவாசிகளின் அவையான மாசசூசெட்ஸ் மாகாண காங்கிரஸ். அவற்றை விரைவுக் கப்பலில் லண்டனுக்கு அனுப்பி, பிரிட்டிஷ் தளபதி கேஜின் அறிக்கைக்கு முன்பே பிரிட்டிஷ் மக்களின் கையில் சேர்த்தார்கள். ஆக, இது சாட்சியம் மட்டுமல்ல, வாதமும்கூட. மறுபக்கத்தில் பிரிட்டிஷ் அதிகாரி ஜான் பார்க்கரின் நாட்குறிப்பு இருக்கிறது. குடியேற்றவாசிகளே முதலில் சுட்டார்கள் என்று எழுதும் அவர், தம் வீரர்கள் உத்தரவுக்குக் காத்திராமல் பாய்ந்ததையும் மறைக்கவில்லை. தன் பக்கத்துக்கே பாதகமான செய்தியைச் சொல்லும் சாட்சிக்கு எடை கூடுதல். கட்டில் ஒரு பாடநூல் பகுதியும் இருந்தது. மாணவர்கள் அதையே மிக நம்பகமானதாகக் கருதினார்கள். வரலாற்றாளர்கள் அதை நம்பகத்தன்மை வரிசையின் அடியில் வைத்தார்கள்.

இந்தக் கண், தகவல்கள் சேரச் சேரத் தானாக வருவதில்லை. அறிமுகப் பாடங்களை அடுக்கி முடித்தால் வந்துவிடும் என்று நினைப்பது, கரையில் நின்று ஆற்றின் ஆழ அகலத்தை மனப்பாடம் செய்தால் நீச்சல் வந்துவிடும் என்பதற்குச் சமம். அமெரிக்க வரலாற்றுப் பேராசிரியர் லெண்டல் கால்டர் 2006-இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் சுட்டினார். எல்லாவற்றையும் தொட்டுச் செல்வதை விட்டுவிட்டு, அறிமுக வகுப்பிலேயே மாணவர்களை ஆவணங்களோடு மல்லுக்கட்ட வைக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

இது நேற்று வந்த யோசனையும் அல்ல. ஆவணத்தை மேசையில் விரித்து விவாதிக்கும் செமினார் முறை 1830-களில் பெர்லினில் ஜெர்மன் வரலாற்றாளர் ராங்கேயிடம் உருப்பெற்றபோது, அது தேர்ந்த மாணவர்கள் சிலருக்கானதாக இருந்தது. நியூயார்க் மாநிலத்தின் வாசர் மகளிர் கல்லூரிக்கு 1887-இல் ஆசிரியராக வந்த லூசி மேனார்ட் சால்மன், இளங்கலை மாணவியர் கையில் மூலச் சான்றுகளைக் கொடுத்தார். அரிய சுவடிகளைத் தேடி அவர் அலையவில்லை. ரயில் கால அட்டவணை, சமையல் புத்தகம், சலவைப் பட்டியல் ஆகியவையே அவருக்கு ஆவணங்கள். வீட்டின் கொல்லைப்புறத்தைச் சான்றாக வைத்து 1912-இல் ஒரு கட்டுரையே எழுதினார். வீட்டுப் பணியாளர்களைப் பற்றி 1897-இல் அவர் வெளியிட்ட நூலும் அதே மனத்தில் பிறந்ததுதான். இளையவர்களால் முடியாது என்ற ஐயத்துக்கு இதைவிட நேரான பதில் வேண்டியதில்லை.

தடைகள் இல்லாமல் இல்லை. அவை இருக்கும் இடம்தான் வேறு. காலவரிசை தெரியாதது பெரிய குறையல்ல. ஒரு நல்ல சுருக்க வரலாற்று நூலை விடுமுறையில் படித்தால் அது பெரும்பாலும் தீரும். வாரத்துக்கு நூற்றைம்பது, இருநூறு பக்கம் படிப்பதும், பதினைந்து பக்கத்துக்கு ஒரு வாதத்தை இழுத்துச் செல்வதும்தான் முதலாண்டு மாணவரை முறிப்பவை. கற்பிக்க ஆளும் நூலகமும் குறைந்த பள்ளியிலிருந்து வருபவருக்கு இந்தச் சுமை இரட்டிப்பு. மதிப்பெண் சராசரி சரிந்தால் உதவித்தொகை போய்விடும் என்ற நிலையில் இருப்பவரிடம், துணிந்து இறங்கு என்று சொல்வது பொறுப்பாகாது. தேர்ச்சி, தோல்வி என்று மட்டும் பதிவாகும் வகையில் பாடத்தை எடுக்கும் வசதியைச் சில பல்கலைக்கழகங்கள் தருவது இங்கே உண்மையான உதவி. உயர்நிலைப் பாடங்களும் எல்லாம் ஒன்றல்ல. ஒரு நகரம், ஒரு போர், ஒரு பஞ்சம் என்று குறுகிய பொருள் கொண்டவை புதியவருக்கு இடம் கொடுக்கும். வரலாற்றாளர்கள் ஒருவரோடொருவர் நடத்திய விவாதங்களையே பொருளாகக் கொண்டவை கொடுக்காது. விவாதிக்கப்படும் நிகழ்வே தெரியாதவர் அங்கே வாயடைத்துத்தான் உட்கார நேரும். லத்தீனோ அரபியோ தேவைப்படும் பாடங்களுக்கு மொழியே முன்தகுதி. அதற்குக் குறுக்குவழி கிடையாது.

ஆகவே முதல் பருவத்தை விட்டுவிட்டு, இரண்டாம் அல்லது மூன்றாம் பருவத்தில் ஒரே ஓர் உயர்நிலைப் பாடம் எடுப்பதே பொருந்தும் அளவு. அதே பருவத்தில் வாசிப்பு மிகுந்த இன்னொரு பாடம் கூடாது. சேருவதற்கு முன் ஆசிரியரின் அலுவல் நேரத்தில் போய்ப் பாடத்திட்டத்தை வாங்கிப் படித்து, முதல் இரண்டு வாரத்துக்குரிய நூலைப் புரட்டிப் பார்ப்பது, எண்ணைப் பார்த்து அஞ்சுவதைவிடப் பயனுள்ளது. பாடத்தைக் கைவிடுவதற்கான கடைசி நாளையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

உயர்நிலைப் பாடத்தை இப்படிச் சீக்கிரம் எடுப்பதற்குக் காலக்கணக்கும் ஆதரவாகவே நிற்கிறது. சிறப்புப் பட்டத்துக்கான ஆய்வேடு நான்காம் ஆண்டில் எழுதப்படுகிறது. அதற்கான ஆவணக்காப்பகப் பயணம் மூன்றாம் ஆண்டு முடிந்த கோடையில். பயண நிதிக்கு விண்ணப்பம் அதற்கும் சில மாதங்கள் முன்னால். மூன்றாம் ஆண்டில்தான் முதன்முதலாக மூல ஆவணத்தைக் கையில் எடுக்கும் மாணவர், எந்தக் கேள்வியைத் தேடிப் போகிறோம் என்று தெரியும் முன்பே அந்த விண்ணப்பத்தை எழுத வேண்டியிருக்கும்.