மூலப்படி யார் கையில்?

ஒட்டுக் கன்று என்றால் என்னவென்று நம் பக்கத்துப் பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. காடாம்புலியூர், பண்ருட்டி வட்டாரத்து முந்திரித் தோப்புகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கொட்டை போட்டு முளைத்த கன்று தாய்மரத்தைப் போலவே காய்க்கும் என்று உறுதி கூற முடியாது. ஒன்று அள்ளிக் கொடுக்கும். பக்கத்திலேயே நிற்கும் மற்றொன்று ஏமாற்றிவிடும். நல்ல தாய்மரத்தின் தளிர்க்குச்சியை எடுத்து நாற்றின் மேல் கட்டினாலோ, ஆயிரம் கன்றுகளும் தாயின் குணத்தோடு வளரும். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் ‘வி.ஆர்.ஐ.’ முந்திரி வகைகள் நம் தோப்புகளுக்கு ஒட்டுக் கன்றுகளாக வருவது இதனால்தான்.

கணிப்பொறிக்கும் இப்படி ஓர் ஒட்டு முறை உண்டு. அதைப் பற்றி நம் பள்ளி மலரில் எழுதுவானேன் என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது.

ஓர் அலுவலகத்தில் இருபது கணிப்பொறிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் இயங்குதளத்தை ஏற்ற வேண்டும். கடிதம் எழுதும் மென்பொருள், கணக்கு மென்பொருள், தமிழ் விசைப்பலகை, பிரிண்டர் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஒன்றுக்கு மூன்று மணி நேரம் என்றால் இருபதுக்கு அறுபது மணி நேரம் ஆயிற்று. அத்தனையும் செய்த பின்னும் எட்டாவது பொறியில் தமிழ் வராது, பதினான்காவதில் பிரிண்டர் பேசாது. அதற்குப் பதிலாக ஒரே ஒரு பொறியைக் குறைவறத் தயாரித்து, அதன் ஹார்டு டிஸ்கில் இருப்பதை அப்படியே ஒரு கோப்பாகப் படியெடுத்து, மற்றப் பொறிகளில் இறக்கிவிடலாம். இந்தக் கோப்பைத்தான் ‘இமேஜ்’ என்கிறார்கள். நாம் இதை மூலப்படி என்று சொல்வோம். ஒரு பொறிக்கு அரை மணி நேரமே பெரிது. வலைப்பின்னல் இருந்தால் இருபதிலும் ஒரே சமயத்தில் இறக்கலாம்.

1990களின் நடுவில் நியூசிலாந்தில் பிறந்த ஒரு மென்பொருள் இவ்வேலையை உலகெங்கும் பரப்பியது. அதன் பெயர் ‘கோஸ்ட்’, அதாவது பேய்! பேருக்குப் பயந்து யாரும் ஓடவில்லை. இன்று தைவான் நாட்டின் உயர்திறன் கணிப்பு மையத்தில் உருவான ‘குளோன்ஜில்லா’ இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு பென் டிரைவில் அதை ஏற்றி, அதிலிருந்தே கணிப்பொறியைத் துவக்கினால், படியெடுக்கவா இறக்கவா என்று அதுவே கேட்கும். அந்த இடத்தில் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இரு முறை படிக்க வேண்டும். எது மூலம், எது இலக்கு என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால் வெற்று டிஸ்க் நிறைந்த டிஸ்கை விழுங்கிவிடும்.

இவ்வேலைக்கு இப்போது அவசரம் வந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு பொதுவாக முடிந்தது. பழைய கணிப்பொறிகள் பல விண்டோஸ் 11-ஐ ஏற்கும் தகுதி உடையவை அல்ல. இது புதிய கதையும் அன்று. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பி-க்கு ஆதரவு முடிந்தபோது, தமிழக அரசு தன் அலுவலகங்களில் ‘பாஸ்’ லினக்ஸைப் பயன்படுத்துமாறு அறிவுறுத்தியது. மைய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய கட்டற்ற இயங்குதளம் அது. பொறியைத் தூக்கி எறியாமல் உள்ளிருப்பதை மாற்றிக்கொள்ளும் வழி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஊர் ஊராக அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் புதிய மூலப்படிகள் தயாராகும் காலம் இது.

அவற்றைத் தயாரிப்பவர் யார்? இதுவே நம் கேள்வி.

2011-இல் தமிழக அரசு மாணவர்க்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அதில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. இலட்சக்கணக்கான பொறிகளில் ஒவ்வொன்றிலும் ஒருவர் உட்கார்ந்து ஏற்றியிருக்க முடியுமா? எங்கோ ஓரிடத்தில் எடுத்த ஒரு முடிவு அத்தனை பிள்ளைகளின் மேசைக்கும் போய்ச் சேர்ந்தது. நல்லது சேர்ந்தால் இலட்சம் பேருக்கு நன்மை. விட்டுப்போனால் இலட்சம் பேருக்கும் இல்லை.

தமிழையே பாருங்கள். 1999-இல் ‘தமிழ்99’ விசைப்பலகையை அரசு ஏற்றது. 2010-இல் யூனிகோடு தமிழைத் தரமாக்கியது. இவை இல்லாத மூலப்படியை வெளியூரிலிருந்து ஒருவர் கொண்டுவந்து இறக்கினால் என்ன ஆகும்? ஆளுக்கொரு பழைய எழுத்துருவைத் தேடிப் போட்டுக்கொள்வோம். ஒரு மேசையில் அடித்த கடிதம் அடுத்த மேசையில் கிறுக்கலாகத் தெரியும். குறை சொல்லி என்ன பயன்? கடிதம் அடிப்பவரை மூலப்படி தயாரித்தவர் கேட்கவே இல்லை.

கடிதம் அடிப்பவர் பெரும்பாலும் யார்? நம் அக்காமார்தாம். முந்திரிக் கம்பெனி அலுவலகமானாலும் கூட்டுறவுச் சங்கமானாலும் விசைப்பலகைக்கு முன்னே பெண், பொறியைத் திறந்து பார்க்க நகரத்திலிருந்து வருபவர் ஆண் என்பது எழுதாத விதியாக இருக்கிறது. அவர் வரும்வரை வேலை நின்று கிடக்கும். இதில் பெண்ணுக்கு இயலாதது என்ன இருக்கிறது? கனமானதைத் தூக்க வேண்டியதில்லை. வேண்டியவை பொறுமையும் ஒழுங்கும் குறித்து வைக்கும் பழக்கமும்தாம். தட்டச்சுக் கற்றதோடு கணிப்பொறி கற்றாயிற்று என்று நம்மை நிறுத்திவிடுவதை நாம் ஏற்பதற்கில்லை.

அறிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. ஒட்டுக் கன்றில் மேலே தாய்மரம், கீழே ஒவ்வொரு நாற்றுக்கும் தன் வேர். கணிப்பொறியிலும் அப்படியே. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயரும் தனி அடையாள எண்ணும் வேண்டும். விண்டோஸில் படியெடுக்குமுன் ‘சிஸ்பிரெப்’ என்னும் கருவியை ஓட்டிப் பழைய அடையாளத்தைக் களைய வேண்டும். பலர் இதைச் செய்யாமலே பல்லாண்டு காலம் தள்ளினார்கள். 2025 ஆகஸ்டு இறுதிக்குப் பின் வந்த விண்டோஸ் 11 மேம்பாடுகள் ஒரே எண்ணுடைய பொறிகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைவதைத் தடுக்கத் தொடங்கின. பகிர்ந்த கோப்புகள் திறக்காமல் பல அலுவலகங்கள் திகைத்தன. அப்புறம், தாய்ப் பொறியில் யாருடைய கடவுச்சொல்லும் மின்னஞ்சலும் இருக்கக் கூடாது. இருந்தால் இருபது பேர் கைக்கும் போய்விடும். உரிமம் இல்லாத மென்பொருளைப் படியெடுத்தால் ஒரு திருட்டு இருபது திருட்டாகும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்; கட்டற்ற மென்பொருளில் அந்தக் கவலை இல்லை.

நம் பள்ளிக் கணிப்பொறி அறையிலேயே இதைத் தொடங்கலாம் என்பது எங்கள் கோரிக்கை. கோடை விடுமுறைக்குமுன் ஒரு வாரம் போதும். மேல் வகுப்பு மாணவியர் நால்வரும் ஓர் ஆசிரியையும் சேர்ந்து ஒரு பொறியைத் தயாரிக்கட்டும். தமிழ்99 உண்டா, கணக்குப் பாடத்துக்கும் அறிவியலுக்கும் வேண்டியவை உண்டா என்று எல்லா ஆசிரியைகளையும் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். மூலப்படியை முதலில் ஒரே ஒரு பொறியில் இறக்கி இரண்டு நாள் பயன்படுத்திப் பார்த்த பிறகே மற்றவற்றில் இறக்க வேண்டும். பிறகு இரண்டு வெளி டிஸ்குகளில் அதைச் சேமித்து, தேதி எழுதி ஒட்டி, ஒன்றைக் கணிப்பொறி அறையிலும் மற்றொன்றை அலுவலக அலமாரியிலும் வைக்கலாம். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் நம் கடலூர் மாவட்டத்தைத் தாக்கியதை நினைத்தால், இரண்டையும் ஒரே கட்டடத்தில் வைப்பதுகூடச் சரியில்லை என்றே தோன்றுகிறது.